அக்காவோட இடுப்பு மூட்டும் வரப்பு நண்டும்

எங்க ஊர்ல மூட்டு மாத்தினவங்க இப்ப ஆறு பேரு இருக்காங்க. அஞ்சு பேருக்கு முட்டி, என் அக்காவுக்கு இடுப்பு. இருபது வருசத்துக்கு முன்னாடி இப்படி ஒரு ஆபரேஷன் இருக்குன்னே இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. முட்டி போச்சுன்னா திண்ணையும் கம்பும்தான். இப்ப காப்பீட்டு அட்டை வந்துருச்சு. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு முட்டி உபகரணத்துக்கு விலை வரம்பும் வச்சிருச்சு. ஒன்றரை லட்சத்துக்கு மேல வித்த கோபால்ட் குரோமியம் முட்டி 54,720 ரூபாய்க்கு வந்தது, வரி தனி. அதுக்கப்புறம் எங்க மாதிரி ஆளுகளும் துணிஞ்சு செஞ்சுக்கிறாங்க.

மாத்தியாச்சு, நடக்குறாங்க, அதோட கதை முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனா உள்ள ஒரு வேலை சத்தமில்லாம நடந்துக்கிட்டே இருக்கும்னு போன வருசம்தான் தெரிஞ்சது. இதை வாசிக்கிற நீங்க பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்னு இருக்கீங்க. உங்க வீட்டுலயும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ முட்டி மாத்தியிருப்பீங்க. அதனால நாத்து, நடவுக் கதையை ஒரு பதிவு தள்ளி வச்சுட்டு இதை எழுதுறேன்.

அக்காவுக்கு 2005-ல மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வலது இடுப்பு மூட்டை மாத்தினாங்க. அப்ப 51 வயசு. தொடை எலும்போட பந்து நசிஞ்சு போயி ராத்திரி தூக்கம் இல்லாம கிடந்தாங்க. இடுப்பெலும்புல உலோகக் கிண்ணம், அதுக்குள்ள வழவழன்னு வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம், தொடை எலும்புக்குள்ள ஒரு தண்டு, தண்டு உச்சியில உலோகப் பந்து. இவ்வளவுதான் சமாச்சாரம். மூணே மாசத்துல அக்கா ஆட்டுக்குப் பின்னாடி நடக்க ஆரம்பிச்சாங்க. குத்தவச்சு களை எடுக்கக் கூடாதுன்னு சொன்னதை மட்டும் ஒழுங்காக் கேட்டாங்க. மத்தபடி பதினெட்டு வருசம் அந்த மூட்டு அவங்களைச் சுமந்தது. பேரப்பிள்ளைகளை இடுப்புல தூக்கினாங்க, பழனிக்கு நடந்தாங்க.

வருசம் ஒரு தடவை வந்து படம் எடுத்துட்டுப் போகணும்னு சீட்டுல எழுதியிருந்தது. மூணு வருசம் போனாங்க. "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு அனுப்பினாங்க. நாலாவது வருசம், "வலியே இல்லாம எதுக்குடா படம் எடுக்கணும்?"னு நிறுத்திட்டாங்க. மதுரைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும், ஆட்டைப் பார்க்க ஆளு தேடணும். அக்கா கேட்டது நியாயம்தானேன்னுதான் ஊரே சொல்லும்.

போன வருசம் ஆடி மாசத்துல வலி வந்தது. அது வேற மாதிரி வலி. உக்காந்து எந்திரிச்சு முதல் நாலு எட்டு வைக்கும்போது கவட்டைக்குள்ள சுருக்குன்னு பிடிக்கும், நடக்க நடக்கக் குறைஞ்சுரும். வாயுப் பிடிப்புன்னு தைலம் தேச்சாங்க. ரெண்டு மாசத்துல கம்பு எடுத்தாச்சு. அப்புறம்தான் கூட்டிக்கிட்டுப் போனோம்.

டாக்டர் படத்தை வெளிச்சத்துல வச்சு ரெண்டு இடத்தைக் காட்டினாரு. பந்து கிண்ணத்துக்கு நட்டநடுவுல இல்லை, மேல ஏறி உக்காந்திருந்தது. அப்படின்னா பிளாஸ்டிக் மேல் பக்கம் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது, கிண்ணத்துக்குப் பின்னாடி இடுப்பெலும்புல கருப்பா ஒரு குழி, எலுமிச்சம்பழம் அளவுக்கு. அந்த இடத்துல எலும்பே இல்லை.

ரத்தம் எடுத்தாங்க. மூட்டுக்குள்ள ஊசி விட்டு நீர் எடுத்தும் பார்த்தாங்க. கிருமி எதுவும் இல்லை. அக்கா முதல்ல கேட்டது, "புத்துநோயா சாமி?" அதுவும் இல்லைன்னுட்டாரு. ஊருக்கு வந்தா ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. கம்பி துருப்பிடிச்சிருச்சுன்னாங்க. கிட்னி மாத்துனவங்களுக்கு ஆகுற மாதிரி உடம்பு ஏத்துக்கலைன்னாங்க. இத்தனை வருசம் ஏத்துக்கிட்ட உடம்பு இப்ப என்னத்துக்குத் தள்ளுதுன்னு எனக்கு விளங்கலை. அடுத்த தடவை போனப்ப டாக்டர்கிட்ட அதைத்தான் கேட்டேன். அவரு சொன்னதையும், அப்புறம் அக்கா பேத்தி (நர்சிங் படிக்கிறா) வாசிச்சுச் சொன்னதையும் எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன்.

எலும்பு செத்த பொருள் இல்லை. நம்ம வயல் வரப்பு மாதிரி. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னாடி மண்வெட்டியால வரப்போட அண்டையை வெட்டிப் புல்லையும் பொத்தலையும் கழிச்சுட்டு, புதுச் சேத்தை அள்ளி வச்சுப் பூசுவோம். வெட்டுறதும் பூசுறதும் சேர்ந்து நடந்தாத்தான் வரப்பு நிக்கும். எலும்புக்குள்ளயும் இதே மாதிரி ரெண்டு கூட்டம் வேலை பார்க்குது. ஒண்ணு பழைய எலும்பைக் கரைச்சு எடுக்குற செல், இன்னொண்ணு புது எலும்பு வைக்கிற செல். ரெண்டுக்கும் கணக்கு சரியா இருக்குற வரைக்கும் எலும்பு பலமா இருக்கும்.

இப்ப பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு வாங்க. அது பாலிஎத்திலீன். நம்ம சொட்டுநீர்க் குழாய், மல்ச்சிங் ஷீட் எல்லாம் அந்தக் குடும்பம்தான், ஆனா இது பல மடங்கு உறுதியான ரகம். ஒரு மனுசன் வருசத்துக்குச் சராசரியா ஒரு காலுக்குப் பத்து லட்சம் எட்டு வைக்கிறான்னு கணக்கு வச்சுத்தான் இந்த மூட்டுகளை மிஷின்ல சோதிக்கிறாங்க. ஒவ்வொரு எட்டுலயும் உலோகப் பந்து பிளாஸ்டிக்கை உரசும். உரசினா தூள் விழும். அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மைக்ரானுக்கும் சின்னதா இருக்கும், நம்ம தலைமுடி கனத்துல ஐம்பதுல ஒரு பங்கு கூடக் கிடையாது.

உடம்புக்குள்ள குப்பை பொறுக்குறதுக்குன்னே செல்கள் இருக்கு. மேக்ரோஃபேஜ்னு பேரு, தமிழ்ல பெருவிழுங்கின்னு எழுதுறாங்க. கால்ல முள்ளு ஏறினா அதைச் சுத்தி வந்து மொய்க்குறதுல இதுகளும் உண்டு. ரஷ்யப் பேரரசுல பிறந்த மெச்னிகாஃப், 1882-ல இத்தாலியில மெஸ்ஸினாங்குற கடலோர ஊர்ல இருந்தப்ப, கண்ணாடி மாதிரி இருக்குற நட்சத்திர மீன் குஞ்சுக்குள்ள ரோஜா முள்ளைக் குத்தி வச்சுப் பார்த்தாரு. மறுநாள் காலையில முள்ளைச் சுத்தி செல்கள் கூடி நின்னது. உடம்பு வெளியாளை விழுங்கித் தன்னைக் காப்பாத்திக்குதுன்னு அவரு சொன்னதுக்கு 1908-ல நோபல் பரிசு கிடைச்சது. நம்ம எல்லாருக்கும் கருவேல முள்ளு குத்தியிருக்கு, நமக்கு அது தோணலை.

முள்ளுன்னா சீழ் வச்சு வெளிய தள்ளிரும். கிருமின்னா விழுங்கிச் செரிச்சிரும். பாலிஎத்திலீனைச் செரிக்க நம்ம உடம்பால முடியுமா? குப்பை மேட்டுல பாலித்தீன் பையைத் தின்ன மாடு வயிறு உப்பிக் கிடக்குறதைப் பார்த்திருக்கேன். அறுத்துப் பார்த்தா பை அப்படியே சுருண்டு இருக்கும். பெருவிழுங்கி செல்லோட நிலைமையும் அதுதான். தூளை விழுங்கும், செரிக்க முடியாது, துப்பவும் தெரியாது. அப்ப ஆபத்துன்னு கூப்பாடு போடுது. அந்தக் கூப்பாடு சில ரசாயனங்கள் மூலமாப் போகும். டிஎன்எஃப், இண்டர்லூகின்னு பேரு சொல்றாங்க. அதைக் கேட்டு இன்னும் பெருவிழுங்கிகள் ஓடி வரும். அதோட நிக்காம, எலும்பைக் கரைக்கிற கூட்டத்துக்கும் தாக்கல் போகும். ரேங்க்எல்னு ஒரு புரதம்தான் அந்த ஆளைக் கூப்பிடுற தண்டோரா. எலும்பு வைக்கிற கூட்டமோ அந்த நேரத்துல சோர்ந்துருது. அண்டை வெட்டுற ஆள் நாப்பது பேரு, சேறு பூச ரெண்டு பேருன்னா வரப்பு என்ன ஆகும்?

கிட்னி கதை வேற. அங்க அடுத்தவங்க உடம்புச் செல்லை நம்ம வெள்ளை அணுக்கள் அடையாளம் கண்டு அடிக்குது. அதுக்குத்தான் ஆயுசு பூரா மாத்திரை. அக்கா உடம்பு கிண்ணத்தைத் தள்ளவே இல்லை. அதுல இருந்து உதிர்ந்த தூளோடதான் மல்லுக்கு நிக்குது.

குழி ஏன் கிண்ணத்துக்குப் பின்னாடி விழுந்ததுன்னும் கேட்டேன். மூட்டுக்குள்ள நீர் இருக்கு. நடக்கும்போது அந்த நீருக்கு அழுத்தம் ஏறி இறங்கும். எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவுல எங்க மயிரிழை இடுக்கு கிடைச்சாலும் நீர் உள்ள போகும், தூளையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். வரப்புல நண்டு வளை போட்டா நமக்குத் தெரியுமே. இந்தப் பக்கம் பார்த்தா விரல் நுழையுற ஓட்டைதான். உள்ள தண்ணி அரிச்சு அரிச்சு, ஒரு நாள் ராத்திரி வரப்பே உடைஞ்சு அடுத்த வயல்ல கிடக்கும். மேல இருந்து பார்த்தா வரப்பு கடைசி நாள் வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கவே மருத்துவர்களுக்கு முப்பது வருசத்துக்கு மேல ஆகியிருக்கு. இங்கிலாந்துல ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில ஜான் சார்ன்லின்னு ஒரு டாக்டர். இன்னைக்கு நம்ம மாத்துற இடுப்பு மூட்டுக்கு அவரைத்தான் முன்னோடின்னு சொல்றாங்க. 1950-களோட கடைசியில அவரு கிண்ணத்துக்குப் போட்டது டெஃப்லான், தோசைக்கல்லுல ஒட்டாம இருக்கப் பூசுறாங்களே, அது. வழுக்கும்னு போட்டாரு. சில வருசத்துலயே தேஞ்சு, தூளைச் சுத்திச் சதை வளர்ந்து, எலும்பு அரிச்சுப் போச்சு. நூத்துக்கணக்கான பேருக்கு வச்சதைத் திரும்ப எடுக்க வேண்டியதாச்சு. அந்த மனுசன் தன் தொடைக்குள்ளயே டெஃப்லானையும் புது பிளாஸ்டிக்கையும் வச்சுச் சோதிச்சுப் பார்த்தாரு. டெஃப்லான் வச்ச இடம் கட்டியாச்சு. பாலிஎத்திலீன்ல ஆர்வமே இல்லாம இருந்தவரு அவரு. அவரோட பட்டறையில வேலை பார்த்த ஹாரி க்ரேவன்தான் அதைத் தேய்மான மிஷின்ல போட்டு ஓட்டிக் காட்டினாரு. 1962 நவம்பர்ல பாலிஎத்திலீன் கிண்ணம் வச்சாங்க. செத்த பிறகு மூட்டை எடுத்து ஆராய நோயாளிகள்கிட்ட சார்ன்லி சம்மதமும் வாங்கி வச்சாரு. வச்சவரே திரும்ப எடுத்துப் பார்க்கணும்னு நினைச்சாரே, அது எனக்குப் பிடிச்சது.

பாலிஎத்திலீன் நல்லா உழைச்சது. ஆனா பத்து, பதினஞ்சு வருசத்துல பல பேருக்கு எலும்புல குழி விழுந்தது. மூட்டை ஒட்டப் போடுற சிமெண்ட் மேல பழியைப் போட்டாங்க. 1987-ல அதுக்கு 'சிமெண்ட் நோய்'னு பேரே வச்சாங்க. சரின்னு சிமெண்ட் இல்லாத மூட்டு செஞ்சாங்க. அதுலயும் குழி விழுந்தது. அப்பத்தான் சிமெண்ட்டோ பிளாஸ்டிக்கோ உலோகமோ, எதுல இருந்து உதிர்ந்தாலும் தூள்தான் காரணம்னு உறுதியாச்சு. பிளாஸ்டிக்கே வேணாம், உலோகத்தோட உலோகம் உரசட்டும்னு ஒரு ரகம் வந்தது. அதுல உதிர்ந்த உலோகம் சில பேருக்குச் சதையையே அழிச்சது. 2010-ல ஒரு பெரிய கம்பெனி உலகம் பூரா சுமார் 93,000 பேருக்கு வச்ச மூட்டைத் திரும்ப அழைச்சுக்கிட்டது. அதுல நம்ம நாட்டு ஆளுகளும் உண்டு.

மல்ச்சிங் ஷீட்டு விஷயத்துல எனக்கு ஒண்ணு தெரியும். புதுசுல இழுத்தாலும் கிழியாது. ஒரு வெயில் காலம் தாண்டினா கையில பட்டதும் பொடிப்பொடியா உதிரும். மூட்டுப் பிளாஸ்டிக்குக்கும் கிட்டத்தட்ட இதே தலையெழுத்து இருந்திருக்கு. கிருமி சாகணும்னு காத்து இருக்குற பொட்டலத்துல வச்சே காமா கதிர் காட்டுவாங்க. ஆக்சிஜன் சேர்ந்து பிளாஸ்டிக் உளுத்து, சீக்கிரம் தேஞ்சிருக்கு. 1990-கள்ல காத்தை எடுத்துட்டுக் கதிர் காட்டினாங்க. அந்த 90-கள் முடியுற சமயத்துல, கதிர் கொடுத்துச் சூடுபடுத்தி இழைகளைக் குறுக்கால பின்ன வச்ச புது ரகம் வந்தது. அது ரொம்பக் குறைவாத்தான் தேயுது. இப்ப இடுப்புக்கு வைக்கிறது பெரும்பாலும் இதுதான். அதனால புதுசா மாத்திக்கிட்டவங்க பயப்பட வேண்டியதில்லை. பழைய ரகம் வச்சுப் பதினஞ்சு, இருபது வருசம் ஆனவங்கதான் கவனிக்கணும். அக்காவுக்கு 2005-ல வச்சது பழைய ரகம்.

மொத்தத்துல இது மோசமான ஆபரேஷன் இல்லைங்கறதையும் சொல்லிடணும். 2019-ல லான்செட் இதழ்ல வந்த ஆய்வுப்படி, வெளிநாட்டுப் பதிவேடுகள்ல பார்த்தா நூறு முழு முட்டிகள்ல சுமார் 82 இருபத்தஞ்சு வருசம் தாண்டியிருக்கு, இடுப்புல சுமார் 58. என் டிராக்டர் அவ்வளவு உழைக்கலை.

இதுக்கு மாத்திரை கிடையாதான்னு அக்கா மகன் கேட்டான். எலும்பு தேய்மானத்துக்குக் கொடுக்குற மருந்துகளைச் சோதிச்சிருக்காங்க. ரேங்க்எல் தண்டோராவை அடைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு, அதை இங்கிலாந்துல ஷெஃபீல்டுல கொஞ்சப் பேருக்குப் போட்டுப் பார்த்ததுல எலும்பைக் கரைக்கிற செல் குறைஞ்சிருக்கு. ஆனா இது இன்னும் வழக்கமான வைத்தியமா வரலை. மூட்டு ஆட ஆரம்பிச்சபிறகு எந்த மருந்தாலயும் அதை இறுக்க முடியாது. எதிர்ப்புச் சக்தியையே அடக்கிட்டா என்னன்னும் கேட்டான். அதை அடக்கினா நாளைக்கு நிஜமா கிருமி வந்தா யாரு நிப்பா? செயற்கை மூட்டுல கிருமி ஏறுறது இதைவிடப் பெரிய கேடு.

"வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கே டாக்டர்"னு நான் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா, அந்தப் பழமொழி இங்க பொருந்தலை. வேலி திருடலை. குப்பையைக் கண்டா பொறுக்கணும்னு அதுக்கு உத்தரவு, பொறுக்குது. கரைக்கிற செல்லைக் கூப்பிட்டாங்க, அது வந்து தன் வேலையைப் பார்க்குது. மூட்டும் தன் வேலையைத்தான் பார்த்துச்சு, அக்காவைப் பதினெட்டு வருசம் நடக்க வச்சது. எல்லாரும் ஒழுங்கா வேலை பார்த்தும் எலும்பு போச்சு. அக்காவுக்கு இதைச் சொன்னப்ப, "நான் எதுவும் தப்பாத் தின்னுட்டேனோ, நடந்துட்டேனோன்னு நினைச்சேன்டா தம்பி"ன்னாங்க. ரெண்டு மாசமா அதை மனசுல வச்சிருந்திருக்காங்க.

முடிவு அவங்கதான் எடுக்கணும். வயசு எழுபதை நெருங்குது. பண்ணலைன்னா என்ன ஆகும்னு டாக்டரையே கேட்டாங்க. குழி பெருசாகும், ஒரு நாள் இடுப்பெலும்பு உடையலாம், அப்ப புதுக் கிண்ணம் வைக்கச் சுவரே இருக்காதுன்னாரு. பண்ணினா? முதல் ஆபரேஷனை விடப் பெருசு, ரத்தம் கூடப் போகும், கிருமி ஏறவும் மூட்டு நழுவவும் வாய்ப்பு கூடன்னு அதையும் மறைக்காம சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. கிண்ணம் ஆடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, உள்ள இருக்குற பிளாஸ்டிக்கையும் பந்தையும் மட்டும் மாத்திக் குழியை அடைச்சிருக்கலாம், இவ்வளவு பெரிய வேலை ஆகியிருக்காதாம். அக்கா ஒண்ணும் பேசலை. மூணு வாரம் யோசிச்சாங்க. அப்புறம் ஆட்டுல நாலை வித்துட்டு, "தேதி வாங்குடா"ன்னாங்க.

தை கழிஞ்சு பண்ணினாங்க. நாலு மணி நேரம் ஆச்சு. தொடைத் தண்டு கெட்டியா இருந்ததால அதைத் தொடலை. குழியை எலும்பு வங்கியில இருந்து வந்த எலும்புத் துண்டுகளால அடைச்சாங்க. வேற யாருக்கோ மூட்டு மாத்தும்போது எடுத்து, அவங்க தானமாக் கொடுத்த எலும்பு. அதுக்கு மேல பெரிய கிண்ணம், திருகாணி போட்டு, உள்ள புது ரகப் பிளாஸ்டிக். ஆறு வாரம் அந்தக் காலை ஊனக் கூடாதுன்னுட்டாங்க. இப்ப வாக்கர் பிடிச்சு வாசல் வரைக்கும் வர்றாங்க. வச்ச எலும்பு பிடிச்சிருக்கான்னு படம் பார்த்துத்தான் சொல்லணும், இதுவரைக்கும் எடுத்த ரெண்டு படமும் நல்லா இருக்கு.

வாசிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். வீட்டுல யாருக்காவது மூட்டு மாத்தியிருந்தா, என்ன ரகம், எந்த வருசம்னு கொடுத்த சீட்டைப் பத்திரமா வைங்க. டாக்டர் சொன்ன இடைவெளியில வலி இல்லைன்னாலும் போய் படம் எடுங்க. பழைய படத்தைத் தூக்கிப் போடாதீங்க, பக்கத்துல வச்சு ஒப்பிட்டாத்தான் தேய்மானம் தெரியும். கவட்டையிலயோ தொடையிலயோ முதல் எட்டுல புதுசா வலி வந்தா, தைலத்தோட நிறுத்தாதீங்க.

எங்க ஊர்ல முட்டி மாத்தின அஞ்சு பேருக்கும் இதைச் சொல்லி, மூணு பேரை என் தம்பி வேன்ல ஒரே நாள்ல மதுரைக்கு அனுப்பினோம். ரெண்டு பேருக்கு ஒண்ணும் இல்லை. ஒருத்தங்களை ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. மிச்சம் ரெண்டு பேரு, "வலிக்கலையேப்பா"ன்னு உக்காந்திருக்காங்க. வர்ற திங்கக்கிழமை வேன் மறுபடியும் போகுது, அவங்களுக்கும் இடம் போட்டு வச்சிருக்கேன்.